“உட்காரவே முடியலைங்க சார்”: சி.டி. ஸ்கேன் நன்றாக இருந்தும் பக்கவாதமாக இருந்த ஒரு தலைச்சுற்றல்

சென்னிமலைப் பக்கம் விசைத்தறி ஓட்டும் 44 வயதுக்காரர் ஒருவரை, காலை 6.40 மணிக்கு ஒரு வேனில் ஏற்றி, ஈரோட்டில் நான் வேலை பார்க்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். தலைச்சுற்றல், ஓயாத வாந்தி. சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். எனக்கு நைட் டியூட்டி முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்த ராத்திரியில் அவர் மூன்றாவது தலைச்சுற்றல். முதல் இரண்டு பேரும் ஊசி போட்டு, கொஞ்ச நேரம் படுத்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனவர்கள்.

இவரையும் அப்படி அனுப்பத்தான் இருந்தேன். எங்கே தவறினேன், எது தடுத்தது என்பதை அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். அவரும் அவர் மனைவியும் எழுதச் சம்மதித்தார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது சொன்னது

கூட வந்தவர் அதே தறிக்குடோனில் வேலை பார்ப்பவர். “ராத்திரி டீ குடிக்கறப்பவெல்லாம் நல்லாத்தானுங்க இருந்தாப்ல. வெடியால நாலரை இருக்குமுங்க, நூல் அறுந்துபோச்சுன்னு குனிஞ்சு முடிச்சுப் போட்டுட்டு இருந்தவரு, அப்படியே தறியைப் புடிச்சுட்டு உக்காந்துட்டாரு. எலுமிச்சம்பழம் புழிஞ்சு சோடா குடுத்தோம். அதுவும் பொரையேறி மூக்கு வழியா வந்துருச்சுங்க” என்றார். பக்கத்திலேயே ஓரிடத்தில் காட்டியிருக்கிறார்கள். பித்தம் ஏறியிருக்கிறது என்று சொல்லி, வாந்திக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போயும் நிற்கவில்லை.

சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஏற்கெனவே எதுவும் இல்லை. எப்போதாவது பீடி. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை.

ரத்த அழுத்தம் 158/94. நாடி 84, சீராக இருந்தது. ஆக்சிஜன் 98. விரல் நுனியில் பார்த்த சர்க்கரை 132. முகத்தைச் சிரிக்கச் சொன்னேன், கோணவில்லை. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன், இரண்டும் நின்றன. பேச்சு குழறவில்லை, சொல்வது புரிந்தது. ஃபாஸ்ட் என்று நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் முகம், கை, பேச்சு மூன்றும் தேறிவிட்டன. பக்கவாதத்தின் கடுமையை 0 முதல் 42 வரை அளக்கும் என்.ஐ.எச். மதிப்பெண்ணைக் கூட்டினேன். பூஜ்யம் வந்தது. வயது 44, சி.டி. எடுத்துவிட்டால் நிம்மதி என்று 7.05-க்கு எடுத்தோம். ரத்தக்கசிவு இல்லை. வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

வெளியே வந்து அவர் மனைவியிடம், “மூளையில ஒண்ணும் இல்லைங்க அம்மா, காது நரம்புல வர்ற தலைச்சுத்தல்தான்” என்றேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அப்போது என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

சிஸ்டர் வந்து சொன்னது

7.25-க்கு டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் படுக்கையைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் வந்தார். “சார், அவருக்கு உட்காரவே முடியலைங்க சார். யூரின் போகணும்னாரு, எழுப்பி உக்கார வெச்சேன். இடது பக்கமாவே சாயறாரு. நான் கையை விட்டா கீழ விழுந்துருவாருங்க.”

போய்ப் பார்த்தேன். கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைத்து, கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொன்னேன். இரண்டு நொடி தாங்கவில்லை. வெட்டிய வாழை மாதிரி இடது பக்கம் சரிந்தார். கையிலும் காலிலும் பலம் இருக்கிறது, தூக்கச் சொன்னால் தூக்குகிறார். ஆனால் உடம்பை நிமிர்த்தி வைக்கத் தெரியவில்லை. தலை எவ்வளவு சுற்றினாலும், காது நரம்புக் கோளாறு வந்தவர் எதையாவது பிடித்துக்கொண்டு பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார், தட்டுத்தடுமாறி நிற்கவும் செய்வார். பிடி இல்லாமல் உட்காரவே முடியாதவருக்கு சிறுமூளையையும் மூளைத்தண்டையும் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

அப்புறம்தான், 45 நிமிடமாக எதிரிலேயே இருந்ததெல்லாம் கண்ணில் படத் தொடங்கின. இடது கண் இமை லேசாக இறங்கியிருந்தது. முதலில் பார்த்தபோதே கவனித்தேன், ராத்திரி முழுக்கக் கண்விழித்த ஆள் என்று விட்டுவிட்டேன். இப்போது விளக்கைக் குறைத்துப் பார்த்தால் அந்தப் பக்கத்துக் கண்மணி வலதைவிடச் சின்னதாக இருந்தது. குரல் கரகரத்தது, வாந்தி எடுத்த தொண்டை என்று நினைத்திருந்தேன். ஐந்து நிமிடத்துக்கொரு தரம் விக்கல் வந்தது, அது வயிற்றுக் கோளாறு என்று நினைத்திருந்தேன். சோடா புரையேறியதைக் கேட்டேன், ஆனால் சீட்டில் எழுதக்கூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டுக் காரணம் கையில் தயாராக இருந்தது. அதனால் நான்கையும் சேர்த்து வைத்துப் பார்க்கவே இல்லை.

ஒரு ஊசியை எடுத்து லேசாகக் குத்திப் பார்த்தேன். முகத்தில் இடது பக்கம் மந்தம். உடம்பில் வலது கையும் வலது காலும் மந்தம். முகம் ஒரு பக்கம், உடம்பு மறுபக்கம் என்று உணர்ச்சி குறுக்காக மாறியிருந்தால், இடம் மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளம். காதுக் கோளாறில் இப்படி வரவே வராது. மூக்கைத் தொட்டு என் விரலைத் தொடச் சொன்னபோது இடது கை இலக்கைத் தாண்டித் தாண்டிப் போனது.

கண்ணைப் பார்த்தேன். வலது பக்கம் பார்க்கச் சொன்னால் கண் வலதுக்கு வெட்டி வெட்டி அடித்தது, இடது பக்கம் பார்க்கச் சொன்னால் இடதுக்கு அடித்தது. காது நரம்புக் கோளாறில் வரும் கண் துடிப்பு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே திசைக்குத்தான் அடிக்கும். பிறகு என் உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடி, சட்டென்று கையை மறு கண்ணுக்கு மாற்றினேன். திறந்த கண் மேலும் கீழுமாக ஒரு சின்னத் தாவு தாவி நிலைக்கு வந்தது. இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் நிற்கவில்லை என்று அர்த்தம். இதுவும் மூளைத்தண்டைத்தான் காட்டுகிறது.

அடுத்தது தலையை வெட்டித் திருப்பிப் பார்க்கும் சோதனை. கை அவர் தாடைக்குப் போய்விட்டது. அந்த நொடியில், “கழுத்து வலி ஏதாவது இருந்துச்சாங்க?” என்று கேட்டேன். அவரை முந்திக்கொண்டு மனைவி பதில் சொன்னார்: “ஆமாங்க சார். அஞ்சு நாளைக்கு முன்னால பாவு பீம் தூக்கறப்ப புடிச்சுக்கிச்சுன்னாரு. சுளுக்குன்னுட்டு எண்ணெய் தேச்சு, ரெண்டு பக்கமும் சொடக்கு எடுத்துவிட்டாங்க. அப்பவும் பின்னங்கழுத்து வலி போகலீங்க.”

கையை எடுத்துவிட்டேன். கழுத்தில் ரத்தக்குழாய் கிழிந்திருக்கும் என்று சந்தேகம் வந்தவரின் தலையை வெட்டித் திருப்பக் கூடாது. மற்ற அடையாளங்களே போதுமாக இருந்தன. ‘ஸ்ட்ரோக்’ என்று அறிவித்தபோது மணி 7.35. கோளாறு தொடங்கி 3 மணி 5 நிமிடம்.

நேரத்தை உறுதி செய்தது

ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 4.5 மணி நேரத்துக்குள் போடலாம். 1995-இல் வந்த என்.ஐ.என்.டி.எஸ். ஆய்வு 3 மணி நேரம் வரை பலன் தரும் என்று காட்டியது. 2008-இல் ஈகாஸ் 3 ஆய்வு அதை நாலரை மணியாக நீட்டியது. ஆக, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. ‘நாலரை இருக்கும்’ என்ற பதிலை வைத்து அந்த மருந்தைப் போட முடியாது. மனைவியின் செல்போனை வாங்கிப் பார்த்தோம். 4.12-க்கு அவர் பேசியிருக்கிறார், 3 நிமிடம். “பையனை ஸ்கூல் பஸ்ஸுக்கு நேரத்துல கிளப்பி விடுன்னாருங்க, நல்லாத்தான் பேசினாரு.” கடைசியாக நன்றாக இருந்த நேரம் 4.15 என்று எழுதினேன். எங்களுக்கு 8.45 வரை நேரம் இருந்தது.

நம் ஊர்ப்பக்கம் கடிகாரம் பார்த்து நேரம் சொல்பவர்கள் குறைவு. மாடு கறக்கையில் நல்லா இருந்தாரா, பால் சொசைட்டிக்குப் போய்ட்டு வரும்போது, டவுன் பஸ் போகும்போது, ராத்திரி சீரியல் முடியும்போது என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். வீட்டில் இருப்பவர்களைவிட செல்போன் துல்லியமாகச் சொல்லும். தூக்கத்திலிருந்து எழும்போதே கோளாறோடு எழுந்தவருக்கு, படுக்கப் போன நேரம்தான் கணக்கு. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு எம்.ஆர்.ஐ. பார்த்து மருந்து போடலாம் என்பதும் 2018-இலிருந்து தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பாதை நீளமானது. ஒரு போன் கால் இருந்தால் அது தேவைப்படாது.

மருந்து

நரம்பியல் மருத்துவரிடம் போனில் பேசினேன். கழுத்து, மூளை ரத்தக்குழாய்களுக்கு சி.டி. ஆஞ்சியோ 7.50-க்கு எடுத்தோம். இடது முதுகெலும்புத் தமனி, கழுத்தின் மேல் முடிச்சுகளைச் சுற்றி வளையும் இடத்தில் மெழுகுவத்திச் சுடர் மாதிரி கூர்ந்து, நூலாய் மெலிந்திருந்தது. சுவர் கிழிந்த குழாயின் தோற்றம் அது. மேலே, மூளைத்தண்டுக்கு ரத்தம் கொடுக்கும் பேசிலார் தமனி திறந்திருந்தது. அது அடைபட்டிருந்தால் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டுக் கட்டியை எடுக்க நேரே கோவைக்கு ஓடியிருப்போம்.

ஒரு கேள்வி எழுந்தது. மதிப்பெண் மிகக் குறைவு, லேசான பக்கவாதத்துக்கு இந்த மருந்து எதற்கு? நான் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. என்.ஐ.எச். மதிப்பெண் பட்டியலில் நடக்க முடியுமா, விழுங்க முடியுமா, நிமிர்ந்து உட்கார முடியுமா என்ற கேள்விகளே கிடையாது. விழுங்க முடியாத, உட்கார முடியாத ஒரு தறித் தொழிலாளிக்கு வந்தது லேசான நோய் என்று எந்தக் கணக்கும் சொல்ல முடியாது. நரம்பியல் மருத்துவரும் அதையே சொன்னார். கழுத்துப் பகுதியில் குழாய் கிழிந்திருப்பது இந்த மருந்துக்குத் தடை இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டோம்.

மனைவியிடம் மறுபடி போனேன். முதலில் சொன்னது தப்பு என்று தொடங்கினேன். “அம்மா, அப்ப நான் காது நரம்புன்னு சொன்னேன். சரியாப் பார்க்காம சொல்லிட்டேன். இது பக்கவாதம்.” அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். “கை கால் நல்லாத்தானுங்களே இருக்குது?” என்று கேட்டார். பக்கவாதம் என்றால் கை கால் இழுத்துக்கொள்வது என்றுதான் அவருக்குத் தெரியும். சற்று முன்பு வரை நானும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தேன். மருந்தால் மூளையில் ரத்தம் கசியலாம், அந்த முதல் ஆய்வில் நூற்றுக்கு ஆறு பேருக்கு அப்படி ஆனது, மூளையின் பின்பக்க அடைப்பில் அது இன்னும் குறைவாகவே நடக்கிறது என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இது உங்க அண்ணனா இருந்தா என்ன பண்ணுவீங்க சார்?” என்றார். போடுவேன் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

எடை 62 கிலோ. கட்டியைக் கரைக்கும் மருந்து ஆல்டிப்ளேஸ், கிலோவுக்கு 0.9 மி.கி. வீதம் 55.8 மி.கி. அதில் பத்தில் ஒரு பங்கு நேரே நரம்பில், மீதி ஒரு மணி நேரத்தில். முதல் ஊசி ஏறியது 8.12-க்கு. போடும் முன் ரத்த அழுத்தம் 172/98, அதாவது 185/110 என்ற எல்லைக்குள். ரத்தப் பரிசோதனை முடிவுகளுக்காகக் காத்திருக்கவில்லை. ரத்தப்போக்குக் கோளாறோ, ரத்தம் இளக்கும் மாத்திரையோ இல்லாத ஒருவருக்கு, ஆரம்பிக்கும் முன் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ரத்த அளவு சர்க்கரை மட்டும்தான். அரை மணி கழித்து அழுத்தம் 188/104-க்கு ஏறியது. லேபிடலால் 10 மி.கி. கொடுத்ததும் இறங்கியது. மருந்துக்குப் பிறகு 24 மணி நேரம் 180/105-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும்.

வாசலில் நுழைந்ததிலிருந்து ஊசி வரை 92 நிமிடம். 60 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டியது. நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் வந்த கணக்கு பெரிய ரத்தக்குழாய் அடைப்புக்கானது, இவருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அதிகப்படியான அந்த 32 நிமிடம் முழுக்க நான் தவறவிட்டது.

வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வாசலில் உறவுக்காரர் ஒருவர் தூக்குப்போசியில் சூடாகக் காபி கொண்டுவந்து, “வெறும் வயிறுங்க, ஒரு வாய் குடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்பில்தான் கேட்டார். அந்தக் காபி நுரையீரலுக்குள் போயிருந்தால் நிமோனியாவோடு போராடியிருப்போம். இந்த ஒன்றை வாசலிலேயே, உரக்க, எல்லாருக்கும் சொல்லிவிடுவது நல்லது.

சிறுமூளையின் அடிப்பக்கமும் பாதிக்கப்பட்டிருந்தால் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் வீங்கி, மூளைத்தண்டை நெரிக்கலாம், மூளைநீர் போகும் வழியை அடைக்கலாம். அப்போது பின்மண்டை எலும்பைத் திறக்க நரம்பு அறுவை மருத்துவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதனால் மருந்து முடிந்ததும் கோவைக்கு அனுப்பினோம். தகவல் சொன்ன அதே சிஸ்டர், டியூட்டி முடிந்தும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். விஜயமங்கலம் டோல்கேட்டிலிருந்து போன் பண்ணினார்: “அழுத்தம் 166, முழிச்சிருக்காருங்க சார், விக்கல் மட்டும் நிக்கல.”

மறுநாள் எம்.ஆர்.ஐ.யில் முகுளத்தின் இடது ஓரத்திலும் சிறுமூளையின் கீழ்ப்பகுதியிலும் புதிய அடைப்பு வெள்ளையாகத் தெரிந்தது. கழுத்துத் தமனியின் சுவருக்குள் பிறை வடிவில் ரத்தம் நின்றது. 24 மணி நேர சி.டி.யில் கசிவு இல்லாததால் ஆஸ்பிரின் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் தலைவலியும் தூக்கக் கலக்கமும் வந்து எல்லாரும் பயந்தோம். வீக்கம் இருந்தது, ஆனால் மூளைநீர்ப் பாதை திறந்தே இருந்தது. அறுவை தேவைப்படவில்லை. 11 நாள் மூக்கு வழிக் குழாயில் உணவு. 14-ஆம் நாள் ஒருவர் தோளைப் பிடித்து நடந்து வீட்டுக்குப் போனார்.

ஏன் தவறுகிறோம்

மூளைக்குப் போகும் ரத்தத்தை முன்பக்கக் குழாய்கள், பின்பக்கக் குழாய்கள் என்று பிரித்துப் பார்த்தால், அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பின்பக்கத்தில் வருகிறது. முகம், கை, பேச்சு மூன்றும் பெரும்பாலும் முன்பக்கத்தின் அடையாளங்கள். பின்பக்கம் அடைபட்டால் தலைச்சுற்றல், வாந்தி, இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், விழுங்க முடியாமை என்று வரும். அதனால்தான் ஃபாஸ்டுக்கு முன்னால் நிதானம் (உடம்பின் சமநிலை), கண் என்ற இரண்டையும் சேர்த்து பீ-ஃபாஸ்ட் என்று சொல்லத் தொடங்கினார்கள். அதில் நிதானம் என்பதைப் படுத்திருப்பவரிடம் பார்க்க முடியாது. எழுப்பி உட்கார வைத்தால்தான் தெரியும். வாந்தி எடுக்கும் ஆளை யாரும் எழுப்ப விரும்புவதில்லை. நானும் எழுப்பவில்லை.

சி.டி.யைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கவாதத்தில் அவசரமாக சி.டி. எடுப்பது முக்கியமாக ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க. அடைப்பு முதல் சில மணி நேரத்தில் அதில் தெரியாமலேயே போகலாம். சிறுமூளையும் மூளைத்தண்டும் தடித்த எலும்புக்கு நடுவே இருப்பதால் அங்கே இன்னும் மோசம். ‘ஸ்கேன் நல்லா இருக்கு’ என்று நாம் சொல்வதை, வீட்டார் ‘தலைக்கு ஒண்ணும் இல்லை’ என்று கேட்டுக்கொள்கிறார்கள். அன்று நானே அப்படித்தான் சொன்னேன். இப்போதெல்லாம் “ரத்தம் கசியலைங்க, அடைப்பு இருக்கான்னு இதுல தெரியாது” என்று சொல்கிறேன். எம்.ஆர்.ஐ.யும் முதல் 48 மணி நேரத்தில் பின்பக்க அடைப்புகளில் சிலவற்றைத் தவறவிடுகிறது.

2009-இல் கட்டா என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவும் 101 நோயாளிகளைப் பார்த்து எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஹின்ட்ஸ் என்ற மூன்று கண் சோதனைகள் பரவின. தலையை வெட்டித் திருப்புவது, கண் துடிப்பின் திசை, கண் மட்டம். முதலாவதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நோயாளி உங்கள் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்க, தலையைச் சின்னதாக ஒரு வெட்டு வெட்டுகிறீர்கள். காது நரம்பு கெட்டிருந்தால் கண் தலையோடு போய்விட்டு, மூக்கைத் தேடி ஒரு தாவு தாவித் திரும்பும். நரம்பு நன்றாக இருந்தால் கண் மூக்கிலேயே நிற்கும். நிற்காமல் சுற்றுகிறது என்கிறவருக்குக் கண் ஆடாமல் நின்றால், காது நரம்பு வேலை செய்கிறது, ஆகவே கோளாறு மூளையில். இங்கே ‘நார்மல்’ என்பதுதான் கெட்ட செய்தி. விதிவிலக்கு ஒன்று: உள்காதுக்கும் ரத்தம் கொடுக்கும் தமனி அடைபட்டால், பக்கவாதத்திலும் கண் தாவும். அதனால் புதிதாக ஒரு காது கேட்காமல் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அந்தக் கட்டுரையில் சோதனை செய்தவர்கள் பழகிய நிபுணர்கள். நம்மைப் போன்றவர்கள் பயிற்சி இல்லாமல் செய்தால் அந்தத் துல்லியம் வராது. பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும் என்று அவசரப் பிரிவில் தலைச்சுற்றலைப் பார்ப்பதற்காக 2023-இல் வந்த கிரேஸ்-3 வழிகாட்டியும் சொல்கிறது. இன்னொன்று, இந்தச் சோதனை விடாமல் சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, கண் துடிப்பு இருப்பவருக்கு மட்டும். படுக்கையில் புரளும்போது மட்டும் அரை நிமிடம் சுற்றி நின்றுவிடுகிறவருக்கு இதைச் செய்தால் தப்பான பதில் வரும். அவருக்கு வேண்டியது, தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்துப் பார்க்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை.

நம் மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘மயக்கமா வருது’ என்றால் கண் இருட்டுவது, கீழே விழப் பார்ப்பது, உலகம் சுற்றுவது, சோர்வு என்று நாலு அர்த்தம். எந்த மாதிரி மயக்கம் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒரே ஆள் பத்து நிமிடத்தில் பதிலை மாற்றிவிடுவார். எப்போது ஆரம்பித்தது, விட்டுவிட்டு வருகிறதா விடாமல் இருக்கிறதா, எதைச் செய்தால் வருகிறது என்ற மூன்றுக்கும் பதில் மாறுவதில்லை.

கழுத்தைப் பற்றி யோசித்துத்தான் எழுதுகிறேன். பீம் தூக்கியதிலேயே தமனி கிழிந்திருக்கலாம். அந்த வலிக்காகத்தான் எண்ணெய் தேய்க்கப் போயிருக்கலாம். சொடக்கு எடுத்ததில் கிழிந்திருக்கலாம், இல்லை சின்னக் கிழிசல் பெரிதாகியிருக்கலாம். எது என்று சொல்ல வழியில்லை, அதனால் தேய்த்துவிட்டவர்மேல் பழி போட மாட்டேன். ஆனால் 50 வயதுக்குக் கீழே பக்கவாதம் வருபவர்களில் கழுத்துத் தமனி கிழிவது முக்கியமான காரணங்களில் ஒன்று. புதிதாக வந்த, ஒரு பக்கத்துப் பின்னங்கழுத்து வலியோடு தலை சுற்றுகிறவரின் கழுத்தை யாரும் திருப்பக் கூடாது. சலூனிலும் சரி, நம் கையாலும் சரி.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது என்பதற்காகச் சுருக்கமாக: அதே மாதம் மஞ்சள் காட்டிலிருந்து ஒரு பெரியவரை வலது கை விழுந்து, பேச்சு நின்று கொண்டுவந்தார்கள். எல்லாரும் ஸ்ட்ரோக் என்று ஓடினோம். சர்க்கரை 38. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் காட்டுக்குப் போயிருக்கிறார். குளுக்கோஸ் ஏறி முடிவதற்குள் பேத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சர்க்கரை பார்க்காமல் யாரையும் ஸ்ட்ரோக் என்று சொல்லக் கூடாது என்பது அதனால்தான்.

இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். தலைச்சுற்றல் என்று வரும் யாருக்கும், கை கட்டி உட்காருகிறாரா, பத்து அடி நடக்கிறாரா என்று சிஸ்டர் சீட்டில் எழுதாமல் டிஸ்சார்ஜ் கிடையாது. டாக்டர் கையெழுத்துக்கு மேலே அந்த வரி வருகிறது.

மூன்று மாதம் கழித்து

பொழுதோட ஓ.பி. முடியும் நேரத்தில் மனைவியோடு வந்தார். தனியாக நடந்தார். திரும்பும்போது மட்டும் இடது பக்கம் ஒரு சாய்வு. குரல் முக்கால்வாசி வந்துவிட்டது. தறிக்குப் போகவில்லை, நூல் கணக்குப் பார்க்கும் வேலைக்கு முதலாளி வைத்திருக்கிறார். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார், பீடியை விட்டுவிட்டார். “சிஸ்டரம்மா இருக்காங்களா?” என்று கேட்டு, அவரையும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கேன்டீனிலிருந்து காபி வந்தது. எவர்சில்வர் டம்ளர், ஆவி பறந்தது. அவர் வலது கையை நீட்டி டம்ளரின் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவர் மனைவி, “ஏனுங்க, அந்தக் கை” என்றார். அவர் குனிந்து பார்த்து, டம்ளரை இடது கைக்கு மாற்றினார். உடனே விரலை உதறினார். “இந்தக் கைக்குத்தானுங்க சுடுது” என்றார். வலது உள்ளங்கையை வாங்கிப் பார்த்தேன். விரல் அடியில் ஏற்கெனவே ஆறிய இரண்டு கொப்புளத் தழும்புகள் இருந்தன. அடுப்புப் பக்கம் போவது, வெந்நீர் விளாவுவது எல்லாம் இனி எந்தக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன்.